அரை நிமிடத்தில் ஒரு மனிதர்

சென்னையில் வசிப்பவர்களுக்கு மெரினாவின் உழைப்பாளர் சிலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நால்வர் சேர்ந்து ஒரு பெரும் பாறையைப் பெயர்க்க முனையும் அந்தச் சிற்பம் 1959-ல் அங்கே நிறுவப்பட்டது. அதை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இன்று அரசு கவின் கலைக் கல்லூரி எனப்படும் சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவர். அந்த நால்வரின் முகங்களை நினைவிலிருந்து விவரிக்கும்படி கேட்டால் பெரும்பாலோர் திணறுவார்கள். ஆனால், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை ஒரு குழந்தைகூடத் தன் உடம்பை வளைத்துச் செய்து காட்டிவிடும். ஊன்றிய பாதத்தில் தொடங்கும் விசை கால் வழியே ஏறி, முதுகில் வளைந்து, தோளைக் கடந்து கைகளில் முடிகிறது. முகம், விரல், தசை எல்லாம் அந்த விசைக்குப் பின்னால் வருபவை.

மனித உருவத்தை வரையக் கற்பவர் முதலில் பிடிக்க வேண்டியது அந்த விசையைத்தான். ஓவியர்கள் இதை ‘ஜெஸ்சர்’ வரைவு என்பார்கள். ஒருவர் எப்படித் தோற்றமளிக்கிறார் என்பதை ஒதுக்கிவைத்து, அவருடைய உடல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடத்துக்குள் சில கோடுகளில் பதிவது அது. தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. தொல்காப்பியர் தனி இயலே வகுத்த ‘மெய்ப்பாடு’ என்பதை எடுத்துக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால், அங்கே உள்ளத்து உணர்ச்சி முதன்மை. இங்கே உடலின் எடையும் அசைவும் முதன்மை. ஆகவே, ‘விரைவு வரைவு’ என்று எளிமையாகச் சொல்லிச் செல்கிறேன்.

வார இறுதிகளில் பெரியவர்களுக்கு ஓவியம் கற்றுத்தருபவன் நான். வங்கி ஊழியர், செவிலியர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், மென்பொருள் துறையினர் எனப் பலரும் வருகிறார்கள். எங்கிருந்து வந்தாலும் அவர்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: “எனக்குச் சின்ன வயசுலேருந்தே கை வராதுங்க.” விசாரித்தால், பத்துப் பதினோரு வயதில் அவர்கள் வரைந்த மனித உருவத்தைப் பார்த்து யாரோ சிரித்திருப்பார்கள். அன்று நின்றுபோன கை, நாற்பது வயதிலும் அதே பத்து வயதுப் படத்தைத்தான் வரைகிறது: நேராக நிற்கும் உடல், இருபுறமும் தொங்கும் கைகள், பக்கவாட்டில் திரும்பிய இரண்டு பாதங்கள். இதைத் திறமையின்மை என்று நம்பி ஒரு வாழ்நாளைக் கழித்துவிடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அது திறமையின்மை அல்ல. பாதியில் நின்றுபோன ஒரு படிப்பு என்பதே என் கருத்து.

கையா, கண்ணா?

கண்முன் இருப்பதைப் பெரும்பாலோரால் ஏன் சரியாக வரைய முடிவதில்லை என்ற கேள்வியை டேல் கோஹன், சூசன் பென்னட் என்ற இரு உளவியலாளர்கள் 1997-ல் ஆராய்ந்தார்கள். கையின் கட்டுப்பாடு போதவில்லையா, எதை வரைவது எதை விடுவது என்ற தேர்வில் பிழையா, அல்லது பார்ப்பதிலேயே பிழையா? கையைப் பொறுத்தவரை குற்றம் சிறியதாகவே இருந்தது. பொருளைத் தவறாக உணர்வதே பிழையின் முதன்மைக் காரணம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

இதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு முகத்தை வரைந்து பாருங்கள். பயிற்சி இல்லாதவர் கண்களைத் தலையின் மேற்பகுதியில் வைத்துவிடுவார். உண்மையில், உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் சரிபாதியில்தான் கண்கள் இருக்கின்றன. கண், மூக்கு, வாய் ஆகியவை நமக்கு முக்கியம். நெற்றிக்கு மேலே இருப்பது முக்கியமல்ல. முக்கியமானதற்கு மனம் கூடுதல் இடத்தை ஒதுக்கிவிடுகிறது. அதேபோல கைகளையும் பாதங்களையும் எல்லோரும் சிறிதாகவே வரைவார்கள். உள்ளங்கையின் அடியை முகவாயில் வைத்தால் நடுவிரலின் நுனி நெற்றியின் மேற்பகுதி வரை எட்டும். பாதத்தின் நீளமோ முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட நீளத்தை ஒத்தது. இவ்வளவு பெரிய உறுப்புகளை நாள்தோறும் பார்த்தும் நாம் பார்ப்பதில்லை.

பயின்ற கண்ணும் இதற்கு விலக்கல்ல. பாயும் குதிரையின் நான்கு கால்களும் முன்னும் பின்னுமாக நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்பதாக ஐரோப்பிய ஓவியர்கள் நெடுங்காலம் வரைந்துவந்தார்கள். 1878-ல் எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த தொடர் ஒளிப்படங்கள் வேறொன்றைக் காட்டின. நான்கு கால்களும் தரையைவிட்டு எழும் கணத்தில் அவை வயிற்றுக்கடியில் மடங்கி ஒன்றுகூடியிருந்தன.

ஆகவே, உருவம் வரையும் பயிற்சி என்பது பெரும்பாலும் கண்ணுக்கான பயிற்சி. இதை ஏற்றுக்கொண்டால், பயிற்சியின் வடிவமே மாறிவிடுகிறது.

எத்தனை மணி நேரம்?

‘பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எந்தத் துறையிலும் வல்லவராகலாம்’ என்ற கருத்து, மால்கம் கிளாட்வெல் 2008-ல் எழுதிய நூலால் உலகெங்கும் பரவியது. அதன் வேர், உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் தம் சகாக்களுடன் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட கட்டுரை. தம் ஆய்வு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது என்று எரிக்சன் பின்னாளில் விளக்கினார். அவர் வலியுறுத்தியது நேரத்தின் அளவை மட்டுமல்ல; பயிற்சியின் தன்மையை. தெளிவான, குறுகிய இலக்கு. இப்போதைய திறனுக்குச் சற்றே அப்பாற்பட்ட கடினம். பிழை உடனுக்குடன் தெரியவருதல். திருத்தி மீண்டும் செய்தல். இந்த நான்கும் சேர்ந்த உழைப்பையே அவர் பயிற்சி என்றார்.

மறுபக்கமும் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஒரு மதிப்பீடு, இசைத் திறனில் மனிதர்களுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் சுமார் 21 சதவீதத்தையே இத்தகைய பயிற்சியால் விளக்க முடிகிறது என்றது. எனவே, எல்லோரும் ஆதிமூலம் ஆகிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒருவரை, அவர் களைத்திருக்கிறார் என்று பார்ப்பவருக்குப் புரியும்படி வரைவதற்கு மேதைமை தேவையில்லை. அந்த அளவுக்கு, நான் கற்பித்தவர்களில் விடாமல் பயின்ற எவரும் வந்து சேராமல் இருந்ததில்லை.

நாள்தோறும் இரண்டு மணி நேரம் வரைந்தும் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நிற்பவர்களும் உண்டு. அவர்கள் ஒவ்வொரு படத்தையும் ‘முடிக்க’ முயல்கிறார்கள். வளைந்து நிற்க வேண்டிய உடலைக் கம்பம்போல நிறுத்திவிட்டு, அதற்கு மணிக்கணக்கில் நிழல் தீட்டுகிறார்கள். நிழல் தீட்டும் திறன் வளர்கிறது. கம்பம் அப்படியே நிற்கிறது.

நான் பரிந்துரைப்பது நாளுக்கு அரை மணி நேரம், வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி. முதல் வாரத்தின் கேள்வி: உடலின் ஓட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? தலையிலிருந்து எடை தாங்கும் பாதம் வரை ஒரே ஒரு நீள் கோடு, அதன்மேல் தோளுக்கும் இடுப்புக்கும் இரண்டு சாய்கோடுகள், கைகால்களுக்கு ஒவ்வொன்று. முகமும் விரலும் கூடாது. ஓர் உருவத்துக்கு 30 நொடி. பத்து நிமிடத்தில் இருபது உருவங்கள் வந்துவிடும். அவற்றில் பதினைந்து பார்க்கச் சகிக்காது. அதனால் பாதகமில்லை. குறுகிய நேரம் என்பது அவசரப்படுத்துவதற்கு அல்ல. தேவையற்றதை வரைய வழியில்லாமல் செய்வதற்கு.

அடுத்த வாரம் மார்புக்கூட்டை ஒரு முட்டையாகவும் இடுப்பெலும்பை ஒரு பெட்டியாகவும் எண்ணி, இரண்டும் எந்தெந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று மட்டும் பார்க்க வேண்டும். நடுவிலுள்ள வயிறுதான் வளையும், திருகும், மடியும். எலும்புக் கூடுகள் இரண்டும் உருமாறுவதில்லை. எளிய உண்மைதான். ஆனால், இதைக் கண்டுகொண்ட வாரத்திலேயே ஒருவருடைய படங்களில் மனிதர்கள் திரும்பத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இடுப்பில் குடம்

மூன்றாவது கேள்வியில் நான் பல வாரங்கள் தங்கிவிடுவது வழக்கம்: எடை எங்கே இறங்குகிறது?

நம்மில் யாரும் இரண்டு கால்களிலும் சமமாக எடையைத் தாங்கி நெடுநேரம் நிற்பதில்லை. ஒரு காலுக்கு எடையை மாற்றியவுடன் அந்தப் பக்கத்து இடுப்பு உயர்கிறது. சமநிலைக்காக அதே பக்கத்துத் தோள் தாழ்கிறது. மறு முழங்கால் தளர்ந்து முன்னே வருகிறது. முன்புறமிருந்து பார்த்தால், கழுத்துக் குழியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது ஏறத்தாழ எடை தாங்கும் பாதத்தின் மீது விழும். கொத்தனார் சுவரைச் சரிபார்ப்பது போல, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இதைச் சரிபார்க்கலாம். அந்தக் கோடு பாதத்தை விட்டு வெகுதூரம் விலகி விழுந்தால், ஒன்று அவர் எதன்மீதாவது சாய்ந்திருக்க வேண்டும், அல்லது நடந்துகொண்டிருக்க வேண்டும், இல்லையேல் நம் படத்தில் அவர் விழப்போகிறார்.

நம் சிற்ப மரபு இதை என்றோ வகைப்படுத்திவிட்டது. இரு கால்களிலும் சமமாக நிற்பது சமபங்கம். சற்றே வளைந்தால் ஆபங்கம். தலை, உடல், இடுப்பு மூன்றும் மாறி மாறிச் சாய்ந்தால் திரிபங்கம். மிகுந்த வளைவும் வேகமும் கொண்டது அதிபங்கம். அருங்காட்சியகத்தில் ஒரு சோழர் காலச் செப்புத்திருமேனியின் முன் நின்று, தோளின் சாய்வையும் இடுப்பின் சாய்வையும் மட்டும் இரண்டு கோடுகளாகப் போட்டுப் பாருங்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்து, ஒருபக்கம் நெருங்கியும் மறுபக்கம் விரிந்தும் இருக்கும். அந்த நெருக்கமும் விரிவும்தான் உலோகத்துக்கு மூச்சைக் கொடுக்கின்றன.

அருங்காட்சியகம்வரை போக முடியாதவர்கள் குழாயடிக்குப் போகலாம். நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிய பெண்ணின் உடலில் இந்த இலக்கணம் முழுவதும் இருக்கிறது. குடம் இருக்கும் பக்கம் இடுப்பு வெளியே தள்ளி உயர்கிறது. மேலுடல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. வெறுங்கை உடலைவிட்டு விலகி வீசுகிறது. வெறுங்குடத்துக்கு இந்த வளைவு இருக்காது. படத்தில் குடத்தை வரையாமலேயே அதில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று காட்டிவிட முடிந்தால், மாணவர் தேறிவிட்டார் என்று கொள்வேன்.

அளவுகளைப் பற்றி ஒரு சொல். உத்தம தசதாளம் என்னும் அளவு முறையில் தெய்வ உருவத்தின் உயரம் 124 அங்குலங்களாகப் பகுக்கப்படுகிறது; இந்த அங்குலம் நாம் அறிந்த ‘இஞ்ச்’ அல்ல, உருவத்தின் உயரத்தை ஒட்டி மாறும் அலகு. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலைக்கீற்றை மடித்து இந்த அளவுகளைக் குறித்துக்கொள்வார்கள். ஓவிய வகுப்புகளில் தலையை அலகாகக் கொள்கிறார்கள்: வளர்ந்த மனிதர் சுமார் ஏழரைத் தலை உயரம், பிறந்த குழந்தை நான்கு தலை. இவற்றை மனப்பாடம் செய்யலாம், தவறில்லை. ஆனால், குனிந்து நாற்று நடுபவரை எதிரிலிருந்து பார்த்தால் ஏழரையும் பொருந்தாது, பத்தும் பொருந்தாது.

விரைவும் நிதானமும்

இந்தப் பயிற்சி முறைக்கு நூல் வடிவம் தந்தவர்களில் முக்கியமானவர் கிமோன் நிக்கோலாய்டிஸ். நியூயார்க்கின் ‘ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக்’ என்னும் கலைப்பள்ளியில் கற்பித்தவர். 1938-ல் அவர் மறைந்த பின், 1941-ல் வெளியான ‘தி நேச்சுரல் வே டு டிரா’ என்ற நூல், மணிக்கணக்கில் வகுக்கப்பட்ட பயிற்சி அட்டவணைகளோடு இன்றும் ஓவிய மாணவர்களிடையே புழங்குகிறது. விரைவு வரைவுக்கு நேரெதிரான ஒன்றையும் அவர் சேர்த்தே வைத்தார். பென்சில் முனை எதிரில் இருப்பவரின் உடலோரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதாகவே எண்ணிக்கொண்டு, தாளைப் பார்க்காமல், எறும்பு ஊர்வதுபோல மெதுவாக வரையும் விளிம்புக் கோடு அது. ஒன்று முழுமையைப் பிடிக்கும், மற்றொன்று நுணுக்கத்தை. ஒன்றில் மட்டும் பயின்றவர்களின் படங்கள் ஒன்று கிறுக்கலாகவோ, அல்லது உயிரற்ற துல்லியமாகவோ தேங்கிவிடுகின்றன. சிற்பி ரோதானும் தம் கூடத்தில் மாதிரிகளை இயல்பாக நடமாடவிட்டு, அவர்களிடமிருந்து கண்ணை எடுக்காமல் வரைந்தவர்.

மாதிரிக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களைத் தேடுங்கள் என்பேன். டீ ஆற்றும் மாஸ்டரின் ஒரு கை மேலே, மறுகை கீழே, நடுவில் உடல் ஒரு மூலைவிட்டம். அந்த நிலை ஒரு நொடியில் கலைந்துவிடும். ஆனால், அடுத்த சில நொடிகளில் திரும்பி வந்துவிடும். பரோட்டா வீசுபவர், இஸ்திரி போடுபவர், பூக்கட்டும் பெண், சந்தையில் மூட்டையை முதுகில் வாங்கும் தொழிலாளி என எல்லோரும் இலவசமாக நிலைகளைத் திரும்பத் திரும்பத் தருகிறார்கள். ரயில் நிலையத்தில் உறங்குபவர்கள் நெடுநேரம் அசையாத மாதிரிகள். ஆனால், உறங்கும் பெண்களையும் நோயாளிகளையும் அவர்கள் அறியாமல் வரைவது நாகரிகமல்ல. விழித்திருப்பவர் கவனித்துவிட்டால் புன்னகைத்துப் படத்தைக் காட்டுங்கள். பெரும்பாலும் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, நாம் வரைய நினைத்த நிலையைக் கெடுத்துவிடுவார்கள்!

கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைவது முற்றிலும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால், ஒளிப்படம் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது; அண்மையில் இருப்பதைப் பெருக்கிக் காட்டுகிறது; எடையை ஏற்கெனவே தட்டையாக்கிவிடுகிறது. கட்டம் போட்டுப் படியெடுப்பதும் அப்படித்தான். அண்ணா சாலையில் வானளாவ நின்ற திரைப்பட பேனர்களை வரைந்தவர்கள் கட்டம் போட்டவர்கள்தானே என்று கேட்கலாம். அவர்களுக்கு உடல் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கட்டம் பெரிதாக்குவதற்கான கருவி மட்டுமே. தெரியாதவருக்குக் கட்டம் கற்றுத்தருவது கட்டத்தை மட்டும்தான்.

சிவப்புப் பென்சில்

பலரும் தவிர்ப்பது அரை மணி நேரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை. அதில் புதிதாக எதையும் வரையக் கூடாது. அன்று வரைந்தவற்றில் ஒன்றை எடுத்து, எதிரில் இருப்பவரோடு ஒப்பிட்டு, பிழையைச் சிவப்புப் பென்சிலால் அதன்மேலேயே குறிக்க வேண்டும். அழிப்பான் வேண்டாம், அழித்துவிட்டால் பிழையின் தடம் போய்விடும். தாளின் ஓரத்தில் தேதியும் ஒரு வாக்கியமும்: ‘இடது தோள் இன்னும் தாழ வேண்டும்.’ பிறகு அதே நிலையை ஒருமுறை 30 நொடியில் மீண்டும் வரைய வேண்டும்.

ஒரு மாதத் தாள்களைப் பரப்பிவைத்தால், ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தப் பிழை இருப்பது தெரியும். ஒருவருக்குக் கால்கள் எப்போதும் குட்டையாகும். தலையைப் பெரிதாகத் தொடங்கித் தாளில் இடம் தீர்ந்துபோவதுதான் காரணம். உச்சந்தலைக்கும் பாதத்துக்கும் முதலிலேயே இரண்டு சிறு குறிகள் போட்டுவிட்டால் சரியாகிவிடும். இன்னொருவர் எல்லாச் சாய்வையும் நேராக்கிவிடுவார். இதுவே பரவலான பிழை; மனம் சமச்சீரை விரும்புகிறது. இவர்களை, பார்த்த சாய்வைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்து வரையச் சொல்வேன். கூட்டி வரைந்தால்தான் அவர்களுக்கு உண்மை அளவு வந்து சேர்கிறது.

வாரம் ஒருமுறை நினைவிலிருந்தும் வரைய வேண்டும். ரோதானின் ஆசிரியர் லெகோக் தெ புவாபோத்ரான் இதையே கல்வி முறையாக வளர்த்தவர். பார், திரும்பிக்கொள், வரை, மீண்டும் சென்று ஒப்பிடு. எதைப் பார்க்கத் தவறினோம் என்பதை இதைவிடக் கண்டிப்பாகச் சொல்லும் ஆசிரியர் இல்லை. செலவைப் பொறுத்தவரை, 500 தாள் கொண்ட சாதாரணக் கட்டு ஒன்றும் ஒரு பந்துமுனைப் பேனாவும் சில மாதங்களுக்குப் போதும். விலையுயர்ந்த தாள் வாங்கியவர்கள் வீணாக்கப் பயந்து வரையாமல் இருப்பதையே பார்க்கிறேன்.

ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்தால் கணினி நொடியில் படம் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. படம் வேண்டும் என்பவருக்கு அது போதும். 1930-ல் தண்டி யாத்திரையை ஒட்டி நந்தலால் போஸ் செதுக்கிய லினோகட் அச்சில், கறுப்புப் பின்னணியில் சில வெண்கோடுகளில் காந்தி கோலூன்றி நடக்கிறார். முன்னே சாய்ந்த அந்த நடையில் முதுமையும் உறுதியும் ஒன்றாக இருக்கின்றன. 1969-ல், காந்தி நூற்றாண்டில், கே.எம்.ஆதிமூலம் அவரைக் கோட்டோவியங்களாகத் தொடர்ந்து வரைந்தார். ஒரு மனிதரை அத்தனை முறை கோட்டில் தேடும்போது நடப்பது படம் தயாரிப்பு மட்டுமல்ல. என் வகுப்புக்கு வரும் செவிலியர் ஒருவர், சில மாதங்களுக்குப் பிறகு, நோயாளிகள் கட்டிலிலிருந்து எழும்போது எந்தப் பக்கம் வலியை மறைக்கிறார்கள் என்பது இப்போது கண்ணில் படுகிறது என்றார். எந்தக் கருவியும் அவருக்காக அதைப் பார்த்திருக்க முடியாது.

இது பெரியவர்களின் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை. அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றைக் கற்பிக்கத் தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களைச் செய்திகளில் பார்த்துவருகிறோம். ஆசிரியர் இருக்கும் பள்ளிகளிலும் தேர்வு நெருங்கினால் ஓவியப் பாடவேளை கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. எஞ்சிய வேளைகளில் பெரும்பாலும் கரும்பலகையில் இருக்கும் இயற்கைக் காட்சியைப் படியெடுப்பது நடக்கிறது: இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு தென்னை. குழந்தைகள் மனித உருவத்தைக் கைவிடும் அந்தப் பத்து, பதினொரு வயதில், ஆறாம் வகுப்பில், வாரத்துக்கு இருபது நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும் என்று கருதுகிறேன். மதிப்பெண் வேண்டாம், கண்காட்சியும் வேண்டாம். ஒரு மாணவர் புத்தகப் பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு வகுப்பின் நடுவே நிற்கட்டும். மற்றவர்கள் சுற்றிலும் அமர்ந்து, பையின் எடை அவர் உடலில் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று இரண்டு நிமிடம் பார்த்து வரையட்டும். பிறகு பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு வேறொரு மாணவர் நிற்கலாம்.